அரக்குப் பட்டும் வெள்ளைப் பஞ்சும்

பல் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, வாய்க்குள் சிவப்பைப் பார்த்ததும் உங்கள் கை நடுங்கினால் வேலையை விட்டுவிடாதீர்கள். எனக்குக் கடைசி நாள் வரை நடுங்கியது. நடுங்குகிற கையாலும் பஞ்சைப் பிடிக்கலாம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ராசிபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற நம் ஆஸ்பத்திரியில் முதலில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். அப்புறம் டாக்டரம்மா பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கிற வேலை வந்தது. மருந்துப் பெயர்களைக் காதால் கேட்டுத்தான் பழகினேன். இப்போதும் எழுதச் சொன்னால் தப்பாகத்தான் எழுதுவேன். ஆனால் கவலைப்படுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறப் போனவள், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கருவிகளை வேகவைக்கிற மிஷினைப் போட்டுவிட்டு அதன் எதிரிலேயே நிற்பேன். டாக்டரம்மா, "ஏனுங்க சரோஜாக்கா, நீங்க மொறச்சுப் பார்த்தா சீக்கிரம் வெந்துருமா?" என்று கேட்பார். கேலிதான். ஆனால் ஒருநாளும் "கவலைப்படாதே" என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. "கவலைப்படுங்க, ஆனா நின்ன எடத்துல நின்னுட்டே படாதீங்க" என்பார்.

அவர் எனக்குச் சொன்னதில் பெரிய பாடம் பல் நூலைப் பற்றியது. டப்பாவில் ஃப்ளாஸ் என்று போட்டிருக்கும். நாம் பல் நூல் என்றே சொல்கிறோம். பிரஷ் பல்லின் முகத்தைத்தான் கழுவும். இரண்டு பல் ஒட்டி நிற்கிற இடுக்கில் அது நுழையாது. அங்கே தங்குகிற சோறும் அழுக்கும்தான் ஈறைக் கெடுக்கும். இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நம் ஜனங்கள் அந்த இடுக்கில் எதையெல்லாம் விட்டுக் குத்துவார்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஊக்கு, தீக்குச்சி, தலையில் குத்துகிற பின், விளக்குமாற்றுக் குச்சி, சுருட்டிய பஸ் டிக்கெட். எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் குமரேசன் குடும்பம் வந்தது.

குமரேசன் பட்டு நெசவு. ஊருக்குள்ளேயே வீடு, வீட்டுக்குள்ளேயே தறி. மனைவி செல்வி கூடமாட வேலை செய்வார். ஒரே பெண் திவ்யா. அவளுக்குக் கல்யாணம் ஆவணியில் என்று முடிவாகியிருந்தது. குமரேசன் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

சித்திரை வெயிலில் முதல் தடவை வந்தவர், நாற்காலியில் சாயும்போதே சொல்லிவிட்டார்.

"கீழ முன்னால நாலு பல்லு ஆடுதுங்க. நாலையும் புடுங்கிப்போட்டுக் கட்டுப்பல்லு வெச்சு உட்ருங்க. ஆவணியில புள்ள கண்ணாலம். ஒறம்பரையெல்லாம் வருவாங்க. பந்தியில சோறு திங்கறப்ப பல்லு எலையில உழுந்தா மானம் போயிருமுங்க."

டாக்டரம்மா வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். அந்த நான்கு பற்களின் நுனியிலும் சின்னச் சின்னப் பள்ளம். தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்புகிற பழக்கம். நெசவு வீடுகளில் கத்தரியைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது, தொட்டால் கசிந்தது. போதாததற்கு சர்க்கரை. அதற்கும் மேலே, போன வருஷம் சேலத்தில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் நான் பஞ்சு டப்பாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஆட்டம் கொஞ்சந்தாங்கண்ணா. எடுத்துட்டா திரும்ப மொளைக்காது" என்றார் டாக்டரம்மா. "பல்லுல படிஞ்ச காரையை எடுத்துச் சுத்தம் பண்ணி உடறேன். அப்புறம் தெனமும் நீங்க நூல் போடோணும். நீங்க மட்டுமில்ல, அக்காவும் புள்ளையும் கூடப் போடோணும். ஆவணி பொறந்ததும் வாங்க. அப்பவும் இப்பிடியே ஆடுச்சுன்னா நானே எடுத்துட்டுக் கட்டுப்பல்லு வெச்சு உடறேன்."

"பல்லு எனக்குத்தானுங்க ஆடுது? அவங்க எதுக்கு?"

"ஊட்ல ஒருத்தர் மட்டும் செய்யற காரியம் ஒரு வாரம் தாங்காதுங்கண்ணா. நீங்க மறந்தா ஞாபகப்படுத்த ஆள் வேணுமில்ல?"

"அதெல்லாம் மறக்கறதுக்கு முன்னாலயே ஞாபகப்படுத்துவா" என்று குமரேசன் மனைவியைப் பார்த்தார்.

நான் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திறந்து, நூலை இழுத்து, விரல் நுனியில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டு வாங்குகிறவர் பார்க்கிற பார்வை அது. பிறகு செல்வியிடம் கொடுத்தார். அவரும் அதேபோல உருட்டிப் பார்த்தார்.

"நெசவுக்காரன் ஊட்டுக்கு நூல் வித்த மொத ஆளு நீங்கதானுங்கக்கா" என்று குமரேசன் சொன்னதும், அந்த அறையே சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். பிள்ளைகளே, நோயாளி விளையாட்டாகச் சொல்கிற வார்த்தையில் அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறார் என்பதும் இருக்கும். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது காதில் ஏறவில்லை.

டப்பா தீர்கிற வரை ஒழுங்காகப் போட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தறியில் உட்காருவதற்கு முன்னால், புழக்கடைக் குழாயடியில் மூன்று பேரும் வரிசையாக நின்று போடுவார்களாம். பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் வந்து நின்று பார்ப்பாளாம். "என்ன செல்வி, குடும்பத்தோட வாய்க்குள்ள பாவு நூல் ஓட்டறீங்களா?" என்று கேட்டாளாம். இதையெல்லாம் செல்வி ஒருநாள் பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்தபோது சொன்னார். "ஆட்டம் கொறஞ்ச மாதிரி இருக்குதுன்னு சொல்றாருங்க" என்றும் சொன்னார். எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம்.

ஆடி மாதத்தில் ஒரு சந்தை நாள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார இடமில்லை. உள்ளே டாக்டரம்மா ஒருவருக்கு வேர் சிகிச்சையில் பாதியில் இருந்தார். கூடத்தின் முதல் நாற்காலியில், ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டுப் போர் வண்டிக்காரர் ஒருவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் நல்ல உயரம், மீசை பெரிது, கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டும். ஆந்திராவில் இருந்து மத்தியப் பிரதேசம் வரை பாறையைத் துளைத்தவர், எங்கள் ஊசியை நினைத்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து குமரேசன், செல்வி, திவ்யா மூவரும் இறங்கினார்கள். மூன்று பேர் வாயும் சிவப்பு. உதடு சிவப்பு, பல் சிவப்பு. குமரேசன் துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். வெள்ளைத் துண்டு முழுக்கச் சிவப்பு. செல்வி கதவருகில் வந்ததும் கத்தினார்.

"அக்கா! நூல் போட்டோமுங்க! ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுங்க!"

போர் வண்டிக்காரர் எழுந்து நின்றார். "ஏனுங்கக்கா, இங்க பல்லுப் புடுங்கறீங்களா, கெடா வெட்டறீங்களா?" என்றார். பிறகு கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "எனக்கு வலி போயிருச்சுங்க. நான் வாரேன்" என்று கிளம்பினார். அவர் பின்னாலேயே ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

மாத்திரை, நெஞ்சு, சேலம், கல்யாணம் என்று என் மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. உள்ளே கதவைத் தட்டி, "அம்மா, குமரேசண்ணா வாயில ரத்தம், மூணு பேருக்கும்" என்றேன். டாக்டரம்மா கையை எடுக்க முடியாத நிலை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"உக்கார வெச்சு ஆளுக்கொரு பஞ்சு குடுத்துக் கடிக்கச் சொல்லுங்க. துப்ப உடாதீங்க. மாத்திரையை மாத்திச் சாப்பிட்டாரான்னு கேளுங்க. இந்தா வாரேன்."

இதைக் கவனியுங்கள். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. எனக்குச் செய்ய மூன்று காரியம் கொடுத்தார். கவலைப்படுகிறவளிடம் காரணம் கேட்டால் அவள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். காரியம் கொடுத்தால் கை ஓடும். என் கை ஓடியது. மூவரையும் பெஞ்சில் உட்காரவைத்தேன். பஞ்சை மடித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். "மாத்திரை கூட ஒண்ணு சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டேன். பஞ்சைக் கடித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். வாசல் வரை போய்விட்ட போர் வண்டிக்காரரையும் கூப்பிட்டேன். "அண்ணா, நீங்க பெரிய ஆளா இருக்கறீங்க. அவர் மயங்கிச் சாஞ்சா புடிக்க எனக்குத் தெம்பு இல்ல. பக்கத்துல உக்காருங்க" என்றேன். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் வந்து குமரேசன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தையோடு எழுந்த அம்மாவும் உட்கார்ந்துவிட்டார். பயந்தவருக்கு ஒரு வேலை கொடுங்கள் என்பதை நான் அந்த நிமிஷம்தான் டாக்டரம்மாவிடமிருந்து திருடினேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். முதலில் திவ்யாவின் பஞ்சை எடுத்து விரித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்புதான். ஆனால் ரத்தச் சிவப்பில்லை. கொஞ்சம் நீலம் ஓடின, கருஞ்சிவப்பு.

திவ்யா அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மோவ்! இது நம்ம அரக்கு!"

"என்னடி அரக்கு?"

"நூல் தீந்துபோச்சுன்னு நீ எடுத்துக் குடுத்தியே, அந்தப் பட்டு! சாயம்மா இது!"

விஷயம் இதுதான். டப்பா தீர்ந்துவிட்டது. வீடு முழுக்க நூல் இருக்கும்போது எதற்குக் காசு கொடுத்து நூல் வாங்குவது? ஆனால் நல்ல பட்டை வாயில் விட்டு இழுக்க செல்விக்கு மனசு வரவில்லை. சாயம் சரியாக ஏறாமல் திருப்பி அனுப்ப வைத்திருந்த அரக்குக் கலர்ப் பட்டு நூல் சிட்டம் ஒன்று மூலையில் கிடந்தது. அதிலிருந்து ஆளுக்கொரு முழம் அறுத்துக் கொடுத்திருக்கிறார். குழாயடியில் மூன்று பேரும் துப்பினால் சிவப்பு. ரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று சேலத்தில் சொல்லி அனுப்பியிருந்தது நினைவு வர, நூலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேருக்கும் எப்படி ஒரே நேரத்தில் ரத்தம் வரும் என்றும் யாரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

கூடத்தில் ஒரே சிரிப்பு. போர் வண்டிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்ப இது சாயம் போற பட்டுங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அதுவரை செத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்த குமரேசன், வாயில் பஞ்சோடு எழுந்து நின்றுவிட்டார். பஞ்சைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "என்ர தறியில நெய்யற பட்டுல ஒரு சொட்டுச் சாயம் போவாதுங்க! இது கழிச்சுப் போட்டது! திருப்பி அனுப்பறதுக்கு வெச்சது! நல்லாக் கேட்டுக்கோங்க எல்லாரும்!" என்று கூடத்துக்கே சொன்னார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர், ரத்தம் வருகிறது என்றபோது பதறாதவர், பட்டைக் குறை சொன்னதும் பதறிவிட்டார்.

எனக்கு அப்படியொரு நிம்மதி. பஞ்சு டப்பாவை மூடி உள்ளே வைக்கத் திரும்பினேன்.

"அக்கா, மூடாதீங்க" என்றார் டாக்டரம்மா. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கண் குமரேசனின் கையில் இருந்த பஞ்சின் மேல் இருந்தது. "மூணு பேரும் வாயை நல்லாக் கொப்புளிங்க. மறுபடி ஆளுக்கொரு புதுப் பஞ்சு."

மறுபடியும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாங்கிப் பார்த்தோம். திவ்யாவின் பஞ்சு லேசான ரோஸ். செல்வியின் பஞ்சும் அப்படியே. குமரேசனின் பஞ்சு மட்டும் நல்ல சிவப்பு. நீலம் ஓடாத, பளிச்சென்ற சிவப்பு.

சிரிப்பு நின்றது. அவரை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் சாய்த்தோம். செல்வியும் திவ்யாவும் பின்னாலேயே வந்தார்கள். கீழே நடு இரண்டு பற்களுக்கு நடுவில், ஈறில் கீறல். டாக்டரம்மா இடுக்கியால் எதையோ மெதுவாக இழுத்தார். விளக்கு வெளிச்சத்தில் அது மின்னியது. தங்கக் கலரில் ஒரு சின்ன இழை.

டாக்டரம்மா அதைத் தூக்கிப் பிடித்தார். "அண்ணா, இது என்னுங்க?"

குமரேசன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடுக்கு நெருக்கமாம். பட்டு அங்கே போய்ப் பிசிறி அறுந்துவிட்டதாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்குமா? பக்கத்தில் கிடந்த துண்டுச் சரிகையை எடுத்து விட்டு இழுத்திருக்கிறார்.

செல்வி எட்டிப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுவார் என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையை உதறினார்.

"சரிகையா? சரிகை விக்கற வெலைக்கு அதை வாயில போட்டு இழுத்தீங்களா?"

கீறல் சின்னது. ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் தானாக நிற்காது, அழுத்திப் பிடிக்க வேண்டும். டாக்டரம்மா மருந்து நனைத்த பஞ்சை வைத்து, என் விரலை எடுத்து அதன் மேல் வைத்தார். "நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க. எடுத்து எடுத்துப் பார்க்கவும் கூடாது." வேர் சிகிச்சைக்காரர் வாயைத் திறந்தபடி அடுத்த அறையில் காத்திருந்தார். டாக்டரம்மா அவர் வேலையை முடிக்கப் போய்விட்டார்.

எடுத்து எடுத்துப் பார்ப்பதுதானே என் பிறவிக் குணம்? பூட்டை இழுத்துப் பார்க்கிறவளுக்கு இது பெரிய தண்டனை. ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன என்று விரல் துடித்தது. ஆனால் பார்த்தால் உறைகிற ரத்தம் கலைந்துவிடும். பார்க்காமல் இருப்பதும் ஒரு வேலை என்று அந்த நாற்காலிப் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது செல்விதான். புருஷன் வாய்க்குள் என் விரல். அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் செல்விக்குக் கிடைத்ததே இல்லை போலிருக்கிறது.

"அக்கா, நீங்க உடாதீங்க, நல்லாப் புடிங்க" என்று ஆரம்பித்தார். "சக்கரை இருக்குதுன்னு தெரிஞ்சும் சந்தையில முட்டாய் வாங்கித் தின்னுபோட்டு, புள்ளைக்கு வாங்குனேன்னு சொல்றாருங்க. இல்லீங்களா, சொல்லுங்க?"

"ம்ம்" என்றார் குமரேசன்.

"கத்தரி வாங்கித் தறியில கட்டித் தொங்க உட்டிருக்கறேன். அதைத் தொடறதே இல்ல. பல்லாலதான் கடிப்பாரு. சொன்னா, கத்தரியக் கையில எடுக்கற நேரத்துல நாலு வரி நெய்ஞ்சிருவேன்னு சொல்றாரு. இனிக் கடிப்பீங்களா?"

"ம்ஹூம்."

"எங்கக்கா ஊட்டு விசேசத்துக்கு வர மாட்டேன்னு சொன்னீங்களே, வாரீங்களா?"

"ம்ம்" என்றார். வேறென்ன சொல்வார்? திவ்யா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியிலிருந்து போர் வண்டிக்காரர் குரல் கேட்டது. "அக்கா, எனக்குப் பல்லுப் புடுங்கறப்ப என்ர சம்சாரத்துக்குச் சொல்லிப்போடாதீங்க!"

டாக்டரம்மா வந்து என் விரலை எடுக்கச் சொன்னார். பஞ்சை மெல்ல உரித்தார். ரத்தம் நின்றிருந்தது. எனக்குத்தான் விரல் மடங்கவில்லை.

குமரேசன் எழுந்து உட்கார்ந்தார். செல்வியின் முகம் இப்போதுதான் உடைந்தது. அத்தனை நேரம் திட்டியதே பயத்தில்தான் என்று அப்போது புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போதுமுங்க டாக்டரம்மா. இனி நூலே வேண்டாம். பல்லு போனாப் போவட்டும். நாலையும் புடுங்கிப்போடுங்க. ஆளு இருந்தாப் போதும்."

உள்ளதைச் சொல்கிறேன், நானும் அதையே நினைத்தேன். நூலை நிறுத்திவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். பயந்தவர்களுக்கு நிறுத்துவதுதான் முதலில் தோன்றும்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"கீறுனது சரிகைங்க, நூல் இல்ல. ஈறு கெட்டா நூல் போடாமலே ரத்தம் வரும், தெனமும் வரும். அப்ப இந்தப் பஞ்சு பத்தாது. இந்த நாலு மாசத்துல ஈறு வீக்கம் எவ்வளவு வத்தி இருக்குதுன்னு எனக்குத் தெரியுது. நீங்க பாதிக் கெணறு தாண்டிட்டீங்க" என்றார். பிறகு குமரேசனைப் பார்த்தார். "அண்ணா, உங்க தறியில சீப்பாட்டம் ஒண்ணு இருக்குமே, இழையெல்லாம் அதுக்குள்ள பூந்து வருமே?"

"அச்சுங்க."

"அதுல பிசிறு அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அடைக்க உட்டாத் தானுங்க? அடைச்சா இழை அறுந்து அறுந்து உழும். தெனமும் காலையில துடைச்சுப்போட்டுத்தான் உக்காருவேன்."

"ஒரு நாள் துடைக்கறப்ப அச்சுல கீறல் உழுந்துருச்சுன்னு துடைக்கறதையே நிறுத்திருவீங்களா?"

குமரேசன் நூல் டப்பாவுக்காகக் கையை நீட்டினார். டாக்டரம்மா மெழுகு பூசிய, மெல்லிய வெள்ளை நூல் டப்பா ஒன்றை எடுத்துவரச் சொன்னார். "இது நெருக்கத்துலயும் நழுவிப் போகும். ஈறு ஆற ரெண்டொரு நாள் அந்த எடத்தை மட்டும் உட்ருங்க. அப்புறம் மெல்ல. அறுத்து எறங்கக் கூடாது, பல்லை அணைச்சு எறக்கோணும்."

"ஊட்டு நூல்?" என்று செல்வி கேட்டார்.

"சீலைக்குங்க" என்றார் குமரேசன்.

அவர்கள் போனபிறகு கை கழுவும் இடத்தில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சாயம் என்று தெரிந்தபிறகும் எதற்காக மறுபடி பஞ்சு கொடுக்கச் சொன்னீர்கள் என்று. அவர் சோப்பு நுரையோடு சொன்னார்: "சிரிச்சா எல்லாருக்கும் கண்ணு மூடிக்கும் அக்கா. ஒரு காரணம் கெடைச்சதும் மூணு பேருக்கும் அதேதான்னு நெனைச்சுக்குவோம். மூணு வாய்ங்க. மூணு தடவை பார்க்கோணும்."

ஆவணி பிறந்ததும் வந்தார்கள். குமரேசன் புதுச் சட்டை. சட்டைப் பையில் குட்டிக் கத்தரி, நூலில் கட்டித் தொங்கியது. அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இழுத்து விட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் முன்னாலேயே ஒரு நூலை இழுத்து அறுத்து, விரலில் சுற்றி, நான்கு பல்லின் நடுவிலும் இறக்கி ஏற்றினார். பாவு பிணைக்கிற விரல் அல்லவா? டாக்டரம்மாவைவிட அழகாகப் போட்டார். பிறகு நான் கொடுத்த வெள்ளைப் பஞ்சைக் கடித்தார்.

செல்வி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு பல்லின் கதையும் அந்தப் பஞ்சில் இருந்தது.

டாக்டரம்மா வாங்கி விரித்தார். வெள்ளை. ஒரு ஓரத்தில்கூட ஒன்றுமில்லை. விரலால் ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தார். மூன்று அசையவில்லை. நான்காவது துளி அசைந்தது.

"இது கொஞ்சம் லொட்டுன்னுதான் இருக்கும். இருக்கட்டுமுங்களா, எடுத்தரலாமுங்களா?"

"இருக்கட்டுமுங்க" என்றார் குமரேசன். "எங்கூட இத்தன வருசம் இழை கடிச்சிருக்குது. கண்ணாலத்தைப் பாத்துட்டுப் போவட்டும்."

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தியில் அவர் எதிரே உட்கார்ந்துகொண்டு, முறுக்கை எடுத்து என்னைப் பார்த்தபடியே முன்பல்லால் நறுக்கென்று கடித்தார். எனக்கு உயிர் போய் வந்தது. கை கழுவுகிற இடத்தில் பார்த்தால், மாலையும் கழுத்துமாகத் திவ்யா மாப்பிள்ளைக்கு நூல் டப்பாவைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, இது இந்த வீட்டுச் சீருங்களா என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். அந்த நாலாவது பல் இன்னும் போகவில்லை என்றுதான் கேள்விப்படுகிறேன்.

போன மாதம் நான் வேலையை விட்டபோது, குமரேசனும் செல்வியும் வீடு தேடி வந்து ஒரு பட்டுச் சேலை கொடுத்தார்கள். அவர் கையால் நெய்தது. அரக்குக் கலர், சரிகைக் கரை. கலரைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் நீர் வந்தது.

அவர்கள் போனபிறகு சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு கேட்கவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, உள்முந்தியின் ஓரத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், மெல்லத் தேய்த்துப் பார்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அப்புறம்தான் தூங்கினேன்.

காலையில் குமரேசன் போன் பண்ணினார்.

"என்னுங்கக்கா, தேச்சுப் பாத்தீங்களா?"

"ச்சேச்சே, அதெப்பிடிங்கண்ணா, உங்க பட்டைப் போயி…"

"பாத்திருப்பீங்க. எனக்குத் தெரியுமுங்க." அவர் சிரிப்பது கேட்டது. "நானும் கொண்டாரதுக்கு முன்னால தேச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். உங்க ஆசுபத்திரியிலிருந்து அன்னைக்கு ஒரு பஞ்சு எடுத்து வெச்சிருந்தேனுங்க."